பதினான்காம் வீட்டுக் கண்ணாடி

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரோட்டர்டாமில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் ஒருவர் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இங்கே சொகுசாக இருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, சொகுசுக்குக் குறைவும் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

எங்கள் தெரு வீடுகளெல்லாம் சேற்றில் மரக்கம்புகளை அடித்து, அவற்றின் தலையில் கட்டியவை. கம்புகள் இப்போது உளுத்துக்கொண்டு வருகின்றன. வீடுகள் ஒரு பக்கமாக இறங்குகின்றன. விரிசல்களைப் பார்க்க ஆள் வருவார் என்று நகராட்சியிலிருந்து ஒன்பது பக்கக் கடிதம் வந்தது. எட்டு வருஷம் இருந்தும் இந்த ஊர் அரசாங்க பாஷை எனக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு வயது மகள் ஏஞ்சல்தான் படித்துச் சொன்னாள். பதில் படிவத்தில் ‘சுவருக்கு உடம்பு சரியில்லை’ என்கிற பொருளில் நான் எதையோ எழுதிவைக்க, அவள் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினாள். அவள் திருத்தும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய எரிச்சலாகவும் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் காலமெல்லாம் பள்ளிக்கூட நோட்டு திருத்திய அம்மாவின் மகள் நான். திருத்தித்தான் பழக்கம், திருத்தப்பட்டுப் பழக்கமில்லை.

வந்தவர் வெள்ளைத் தாடிக்காரர். அவர் பையிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்ததும் எனக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. முனைவர் பட்டத்துக்காக நானும் இதைத்தான் ஒட்டினேன். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடியை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் மாவு அப்பிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாமல் இருந்தால் விரிசல் பழையது, சுவர் அடங்கிவிட்டது என்று பொருள். இவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தக் காலத்திலும் கண்ணாடியா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். பிறகு கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, இது உடைந்தால் நீங்களே சரிசெய்துவிடாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா, தான் ஏதோ உடைத்துவிட்டதாகப் பயந்து, வேறு கண்ணாடி வாங்கி ஒட்டிவைத்துவிட்டாராம். நல்லவர்கள் வீட்டில்தான் இந்தத் தொந்தரவு என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவரை அனுப்பிக் கதவைச் சாத்தியபோது ஆலந்தலை சிசிலி அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டேன்.

2

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பதைக் கட்டடம் கட்டுகிறவர்கள் கையில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பாடம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுவதை ஆராய்ச்சிக்காரர்களே படிக்கிறார்கள். கொத்தனாரோடு நிற்கிற ஆர்க்கிடெக்டுக்கு அதைப் புரட்ட நேரமில்லை. நடுவில் பாலம் போடுகிறவள் நான் என்று என் பதவிக்கே ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் நான் காட்டும் படம் ‘வீடு பதினான்கு’. கடலோரத்தில் தட்டையான கூரை போட்ட ஒரு சிறிய மட்டப்பா வீடு, அதன் சுவரில் ஒரு விரிசல், விரிசலின் மேல் கண்ணாடி. பதினெட்டு மாதம் உடையாத கண்ணாடி. அடுத்த படத்தில் அதே வீடு, மேலே புது மாடியோடு. ஆராய்ச்சி சொன்னது, தொழில்காரர் கேட்டார், ஒரு குடும்பத்துக்கு இடம் கிடைத்தது என்று சொல்லி நிறுத்துவேன். பிள்ளைகள் மேசையைத் தட்டுவார்கள்.

ஒருமுறை ஏஞ்சல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இது யார் வீடு என்று கேட்டாள். பெயர் சொல்லக் கூடாது, விதி அப்படி என்றேன். “பேர் சொல்லாட்டி அவங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?” என்றாள். பெரிய மனுஷி மாதிரி பேசாதே என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

3

ஆலந்தலை திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர். அங்கே பல வீடுகள் கடல் மணல் மேலேயே எழும்பியவை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு தளம் வேண்டும், வேறு இடம் கிடையாது. பழைய வீடுகள் மாடியைத் தாங்குமா, அடியில் மணல் அடங்கிவிட்டதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

என் பட்டியலில் பதினான்காவதான சிசிலி அக்கா வீட்டுக்கு நான் போனது ஒரு உச்சி வெயிலில். வீட்டுக்காரர் மிக்கேல் அண்ணன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். என் கையில் நோட்டைப் பார்த்ததும் ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள், இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆர்க்கிடெக்ட் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் படிச்சவகதான, டீச்சர்தான் என்று முடித்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு ஒப்புதல் படிவம் தந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நானே தமிழாக்கினேன். ‘என் வீட்டில் பொருத்தப்படும் ஆய்வுக் கருவிகளைச் சேதமின்றிப் பாதுகாக்க ஒத்துழைப்பேன்’ என்று அதில் ஒரு வரி. கேமராவும் ஈரம் பார்க்கும் மெஷினும் வைக்கிற வீடுகளுக்காக எழுதியது. நான் ஒட்டியதோ உடைய வேண்டிய கண்ணாடி. அந்த வரியை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. படிவத்தில் கைவைத்தால் மறுபடி பல்கலைக்கழக ஒப்புதல் குழுவுக்கு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிற சோம்பல்தான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. எதை அளக்கிறோம் என்பதை வீட்டுக்காரர்களிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள், அவர்கள் நடந்துகொள்வது மாறிவிடும் என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் அக்காவிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். இந்தக் கண்ணாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

அக்கா படிவத்தைத் தலையோடு கால் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் நெற்றியில் குருசு வரைந்துகொண்டார்கள். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை கதவடியிலிருந்து எழுந்து போய்ப் பழைய படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஒட்டியது மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடி. அதன் ஓரம் வெள்ளையாகத் தேய்த்திருக்கும். ஐந்தாவது மாதப் படத்தில் ஓரம் சாதாரண ஜன்னல் கண்ணாடி போலப் பச்சையாக இருந்தது.

ஒட்டிய தேதியைக் கண்ணாடியிலேயே நான் மார்க்கரால் எழுதியிருந்தேன். இந்த ஊருக்கு வந்தபின் ஏழின் குறுக்கே ஒரு கோடு போடும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் நான்கு படங்களில் அந்தக் கோடு இருந்தது. ஐந்தாவதிலிருந்து இல்லை. அதே தேதி, அதே இடத்தில், அதே சாய்வோடு வேறொரு கை கவனமாகப் பார்த்து எழுதியிருந்தது. பதினொன்றாவது படத்தில் பிளாஸ்டர் உருண்டையே வேறு.

பட்டம் வாங்கிய ஆய்வேட்டில் இந்தப் படங்கள் இருக்கின்றன. மூன்று பேராசிரியர்கள் பார்த்து மார்க் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ மாணவர்களுக்கு நான் போட்டுக் காட்டியிருக்கிறேன். யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலேயே படவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

போன் போட்டேன். இங்கே காலை, அங்கே மத்தியானம். “டீச்சர், நல்லாருக்கியளா?” என்று அக்கா எடுத்தார்கள். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. கண்ணாடி எப்போதாவது உடைந்ததா என்று கேட்டேன். திருடி மாட்டிக்கொண்டவர் போன்ற குரலில் சொன்னார்கள்.

“உடஞ்சிட்டு டீச்சர். மொத வாட்டி மீன் கழுவிக்கிட்டு நிக்கேன், டிக்குன்னு ஒரு சத்தம். ஓடிவந்து பாத்தா ரெண்டா கெடக்கு. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. பத்திரமா பாத்துக்கிடுதேன்னு கையெழுத்து வேற போட்டுக் குடுத்திருக்கேன். ஒங்க படிப்பு வீணாப் போயிரக் கூடாதுல்லா. திருச்செந்தூர்ல படத்துக்குச் சட்டம் போடுத கடையில கொண்டு காட்டி, அதே அளவுக்கு வெட்டி வாங்கியாந்து ஒட்டிட்டேன். மாவு அப்புதது நீங்க செஞ்சத பாத்து வச்சிருந்ததுதான்.”

எத்தனை தடவை என்று கேட்டேன். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மூன்று தடவை. மாடி எழுப்பிய பிறகு ஒன்று. போன மழைக்கு ஒன்று.

ஆராய்ச்சி முடிந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. முடிந்துவிட்டது என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. யாராவது வந்து கழற்றும்வரை அதைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மகள் ஜெனி இருக்கிறாள், பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள்.

“அக்கா, பிள்ளையத் தூக்கிட்டு எல்லாரும் வெளிய வந்துருங்க. இப்பவே வாங்க. கண்ணாடி உடஞ்சா வீடு அசையுதுன்னு அர்த்தம். அது தெரியத்தான் ஒட்டுனேன்.”

போனை வைக்காமலே அக்கா மாடிப்படி ஏறுவது கேட்டது.

5

அந்த மாடியைக் கட்டியது என்னோடு படித்த செல்வம். தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறான். படிக்கிற காலத்திலிருந்தே என்னைக் ‘காகித ஆர்க்கிடெக்ட்’ என்று கிண்டல் செய்கிறவன். நான் எழுதிய எதையும் அவன் படித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும், அவன் ஊர்ப்பக்கத்து வீடுகளைப் பற்றியது என்பதால், தமிழில் சுருக்கி நானே அனுப்பி, படிடே படிடே என்று நச்சரித்தேன். படித்தான். ‘மொத தடவையா உருப்படியா எழுதியிருக்க’ என்று பதில் போட்டான். என் பட்டத்தைவிட அந்த ஒரு வரிக்குத்தான் நான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அவன் அதை வைத்து மூன்று வீடுகளுக்கு மாடி போட்டான். அக்கா வீடு அதில் முதலாவது.

விஷயத்தைச் சொன்னதும் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அன்று சாயங்காலமே பழையகாயலில் நடந்துகொண்டிருந்த ஒரு வேலையிலிருந்து சவுக்குக் கம்புகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஆலந்தலைக்குப் போய், கூரைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினான். மறுநாள் வீட்டு மூலையில் குழி தோண்டினான். அஸ்திவாரத்துக்குக் கீழே, பின்பக்கத்துக் கழிவுநீர் இறங்கி இறங்கி மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகிறது என்றான். மாடியில் பீரோவுக்குப் பின்னால் புது விரிசல். அக்கா வீட்டார் அதன் மேல் மாதாபடக் காலண்டரை மாட்டியிருந்தார்கள்.

ஜெனி குடும்பமும் அக்காவும் மிக்கேல் அண்ணனும் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். மாடியை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று செல்வம் முடிவு சொன்னான். மற்ற இரண்டு வீடுகளிலும் குழி தோண்டிப் பார்த்தான். அவை நிற்கின்றன.

மூன்றாம் நாள்தான் அவன் மனதில் இருந்ததைச் சொன்னான். “ஏளா, நான் எந்த வீட்ல கை வச்சாலும் மூலையில ஒரு குழி தோண்டிப் பாத்துட்டுத்தான் மத்த வேல. எங்க மேஸ்திரி அதில்லாம கம்பியே வளைக்க மாட்டாரு. இந்த மூணு வீட்டுக்கு மட்டும் வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். ஒன்றர வருசம் ஒருத்தி ஒக்காந்து அளந்து எழுதியிருக்கா, அதுக்கு மேல நான் என்னத்தத் தோண்டன்னு வுட்டுட்டேன்.”

இத்தனை வருஷமாக நான் வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். தொழில்காரர்கள் ஆராய்ச்சியை நம்ப வேண்டும், தங்கள் பழக்கத்தை விட்டுவிட்டு எங்கள் முடிவைக் கேட்க வேண்டும். ஒருவன் கேட்டான். நம்பினான். என்னை நம்பாமல் பழைய கிண்டலிலேயே இருந்திருந்தால் அந்த வீடு தப்பியிருக்கும்.

6

இந்த ஆய்வைப் பற்றி நான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு. காரணம் என்ன என்று அதில் ஒரு பட்டியல் கொடுத்து, ஒன்றில் குறியிடச் சொல்கிறார்கள். ‘ஆய்வில் பங்கேற்றவரின் குறுக்கீடு’ என்பது ஒன்று, ‘ஆசிரியரின் பிழை’ என்பது இன்னொன்று. என் பேராசிரியர் அன்பான மனிதர். முதலாவதில் குறியிடு, அதுதானே உண்மை, உன் வேலைக்கும் ஆபத்து வராது என்றார். கண்ணாடியை மாற்றியது யார் என்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான். இரண்டு நாள் அந்தப் படிவத்தைத் திறந்து திறந்து மூடினேன். முதலாவதில் குறியிட்டும் பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிறகு அழித்துவிட்டு இரண்டாவதில் இட்டு அனுப்பினேன். வேலையைப் பற்றி அடுத்த மாதம் ஒரு குழு கூடிப் பேசுமாம்.

அதற்கப்புறமாவது நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டிராமில் போகும்போதும் வகுப்பில் நிற்கும்போதும் என் கண் தானாகக் கூரையின் மூலைக்குப் போகிறது. சமையலறையில் எதுவோ டிக்கென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஃப்ரிட்ஜ்தான். ஏஞ்சல் முதலில் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை. பிள்ளையோடு ஜெனி அந்தப் படியில் இறங்கி வந்தாள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் மனதுக்குள் அந்த மாடி தினமும் விழுகிறது. நான் போன் செய்யாமல் விட்ட ஒரு நாளில், தொட்டிலோடு விழுகிறது.

போன வாரம் செல்வம் இன்னொன்று சொன்னான். மாடியை இறக்கும்போது தெருவில் எல்லோரும் கூடி, எவன் கட்டினான், எந்த எஞ்சினியர் பார்த்தான் என்று சத்தம் போட்டார்களாம். சிசிலி அக்கா நடுவில் வந்து நின்று, யாரையும் ஏசாதீங்க, நான்தான் டீச்சருக்குக் கள்ளக் கண்ணாடி ஒட்டி ஏமாத்திட்டேன், இது என் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஊரும் அப்படியே சொல்லத் தொடங்கியிருக்கிறது. மிக்கேல் அண்ணன் அக்காவோடு பேசி ஐந்தாறு நாள் ஆகிறதாம்.

உடனே கூப்பிட்டேன். முதலில் மிக்கேல் அண்ணனிடம் பேச வேண்டும் என்றேன். படிவத்தில் இருந்த வரியை, நான் சொல்லாமல் விட்டதை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் ம், ம் என்று கேட்டுவிட்டு, கடலுக்குப் போவணும் என்று போனை அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

அக்கா, நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல, தப்பு முழுக்க என்னோடது, ஊர்ல அப்படிச் சொல்லுங்க என்றேன். சரி டீச்சர் என்றார்கள், சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். படிப்பு முடிவதற்குள் நான் இரண்டாவது தடவை வந்தேனே, உங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

பின்னால் குழந்தை சிணுங்கியது. கோபமே இல்லாமல்தான் சொன்னார்கள்.

“நீங்க வந்ததும் நேரா சுவத்துக்குப் போயி கண்ணாடியப் பாத்திய. போட்டோ எடுத்திய. நல்லாருக்குன்னு சொன்னிய. வீடு எப்படியிருக்குன்னு என்னய கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர்.”